ஜாஸ்பர் அண்ணாச்சியின் ஆகஸ்டு மாதப் புத்தகம்

ஜாஸ்பர் அண்ணாச்சி வாசிப்புச் சவாலில் சேர்ந்தது அவர் இஷ்டத்தில் நடந்த காரியம் அல்ல. வருஷத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருடைய மனைவி ஜெசி டீச்சர் ஆலய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். மாதம் ஒரு புத்தகம், வருஷத்துக்குப் பன்னிரண்டு. மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு, படித்தவர்கள் சபையார் முன்னால் எழுந்து நின்று படித்ததைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பெண்கள் சிலர் பெயர் கொடுத்தார்கள், வாலிபப் பிள்ளைகள் சிலர் கொடுத்தார்கள். ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே, வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இட்லிக்கு நேரமாகிறதே என்ற முகத்தோடு அவர் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கேள்வி முறை இல்லாமல் பெயரை எழுதிவிட்டார்.

அண்ணாச்சி பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவர். இரும்பைக் கடைந்து கொடுப்பது தொழில். படிப்பு என்றால் அவருக்கு வேதம் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை முழுவதையும் படித்து முடித்துவிடுவார்; அதில் ஒரு நாள் தவறியதில்லை, காய்ச்சலில் படுத்த நாளில்கூட. மற்றபடி கதைப் புத்தகம் என்றால் அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் அது உலகத்துக் காரியம். டீச்சர் கல்யாணமாகி வந்தபோது பெட்டி நிறையக் கதைப் புத்தகம் கொண்டுவந்தார். அண்ணாச்சி அவற்றைத் தடுக்கவில்லை, தொடவும் இல்லை.

ஆனால் மனுஷன் பிழைக்கத் தெரிந்தவர். ஜனவரியில் ஒரு மிஷனரியைப் பற்றிய சின்னப் புத்தகம், உள்ளங்கை அளவு. பிப்ரவரியில் ஜெபத்தைப் பற்றி ஒன்று, அது அதைவிட ஒல்லி. மார்ச்சில் படித்தது பஸ் நிலையத்தில் யாரோ சும்மா கொடுத்தது. இப்படியே ஜூலை வரைக்கும் ஓட்டிவிட்டார். படித்து முடித்தவர்களுக்கு ஆலயத்துக் கூடத்துச் சுவரில் இருக்கிற அட்டையில் வெள்ளி நட்சத்திரம் ஒட்டுவார்கள். குண்டு குண்டான புத்தகத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளுக்கு அங்கங்கே கட்டம் காலியாக இருக்க, அண்ணாச்சி பெயருக்கு நேரே நட்சத்திரங்கள் வரிசையாக ஜொலித்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்று பார்ப்பது அவருக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

சபைக் குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயருக்கும் கண் இருக்கிறதல்லவா? ஜூலைக் கூட்டத்தில் எழுந்து, "ஆகஸ்டு மாதம் எல்லாரும் கதைப் புத்தகம் படிக்கிறோம். எழுதினவர் நம்ம சபையைச் சேராதவரா இருக்கணும். இருநூறு பக்கத்துக்குக் குறையக் கூடாது" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்துவைத்தார்.

மறுநாள் தச்சநல்லூருக்கு ஒரு வேலையாகப் போனவர், அங்கிருந்த நூலகத்துக்குள் நுழைந்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி எண்ணைப் பார்த்தார். இருநூறைத் தொட்டும் தொடாமலும் ஒன்று அகப்பட்டது. எழுத்தும் பெரிசு. அட்டையில் ஒரு கிணறும் கயிறும் போட்டிருந்தது. யார் எழுதியது, என்ன கதை, எதுவும் பார்க்கவில்லை. மனைவியின் உறுப்பினர் அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இங்கேதான் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள், செய்தாலும் அவர் சபையில் வளர்ந்த இன்னொருவர்தான் செய்திருப்பார்.

வேதத்தை அவர் படிக்கிற முறை, வருஷா வருஷம் சபையில் கொடுக்கிற அட்டவணைப்படி. காலையில் பழைய ஏற்பாட்டில் ஒரு பங்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சங்கீதத்தில் ஒரு பங்கு. விளக்கு வைத்த பிறகு புதிய ஏற்பாட்டில் ஒரு பங்கு. முன்னால் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். புத்தகம் என்ற ஒன்றைப் படிக்க இதைத் தவிர வேறு முறை இருக்கிறதென்று அவருக்குத் தோன்றவே இல்லை. சின்னப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டதால் இத்தனை மாதமும் அந்தக் கேள்வி எழவில்லை. இப்போது இருநூறு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முறையாக மூன்றாகப் பங்கு வைத்தார். முதல் பங்கில் போன வருஷம் ஆலயத்தில் கொடுத்த குருத்தோலை, நடுப் பங்கில் ஒரு தீக்குச்சி, கடைசிப் பங்கில் ஒரு பஸ் டிக்கெட். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் காலையில், சுடலை, கொம்பையா என்று இரண்டு வாலிபர்கள் கிணறு வெட்டக் கிளம்பினார்கள். கொம்பையா கயிற்றில் தொங்கி உள்ளே இறங்கி வெட்டுகிறவன். சுடலை மேலே நின்று கயிற்றைப் பிடிக்கிறவன். ஒருவன் உயிர் இன்னொருவன் கையில். ஒரே உருண்டைச் சோற்றைப் பிட்டுத் தின்றுகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அண்ணாச்சிக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் நடுப் பங்கைத் திறந்தால், அதே சுடலையும் கொம்பையாவும் சந்தையில் எதிரெதிரே வந்து, ஆளுக்கொரு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். பேச்சு வார்த்தை இல்லை. சாயங்காலம் கடைசிப் பங்கைத் திறந்தால் சுடலை கிழவனாகியிருந்தான். கொம்பையாவின் தெரு முனை வரைக்கும் தினம் நடந்து வந்து, வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிக்கொண்டிருந்தான்.

"ஏலே, அப்படி என்னதான் செஞ்சான் அந்தக் கொம்பையா?" என்று அண்ணாச்சி புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டார்.

அவர் ஏன் அவ்வளவு பதறினார் என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய பட்டறைக்கும் காஜா முகைதீனுடைய வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேரும் ஒன்றாகத் தொழில் தொடங்கியவர்கள். இவர் கடைந்ததை அவர் ஒட்டுவார், அவர் ஒட்டியதை இவர் கடைவார். எதிரே டீக்கடை வைத்திருக்கிற ஐயம்பெருமாள் ஒரே தட்டில் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அது மூன்று வருஷத்துக்கு முன்பு வரைக்கும். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அண்ணாச்சி தன் வெல்டிங் வேலையை ஆட்டோவில் ஏற்றித் தச்சநல்லூருக்கு அனுப்பினார். காஜாவும் தன் கடைசல் வேலையை வேறெங்கேயோ அனுப்பினார். பக்கத்துச் சுவரைத் தாண்டினால் முடிகிற வேலைக்கு ஆட்டோக்காரன் வயிறு வளர்த்தான். ஐயம்பெருமாள் டீயைத் தனித்தனியாக இரண்டு நடை தூக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் மனசுக்குள் வைதுகொண்டே வந்தார்.

காரணம்? காஜாவின் மகன் யஹ்யாவின் நிக்காஹ் லெந்து நாட்களில் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் அண்ணாச்சி கவிச்சி தொட மாட்டார். போனால் பிரியாணி வைப்பார்கள். வேண்டாம் என்றால் நாலு பேருக்கு முன்னால் காஜாவுக்குக் குறைச்சல். தின்றால் தன் விரதம் போச்சு. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, போகாமலே இருந்துவிட்டார். அன்பளிப்பாக வாங்கிய குக்கரை ஐயம்பெருமாள் கையில் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் அதே ஐயம்பெருமாள் அதே குக்கரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். கொடுத்ததைத் திருப்பி அனுப்புவதாவது! செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அண்ணாச்சிக்கு. தானாகப் போய்ப் பேசுவதில்லை என்று அன்றைக்கு வைத்த வைராக்கியம் இன்னும் இறங்கவில்லை.

ஆகவே புத்தகத்தில் அவர் சுடலையின் கட்சி. நல்ல மனுஷன் சுடலை, கொம்பையாதான் ஏதோ பெரிய துரோகம் செய்திருக்க வேண்டும். நிலத் தகராறா? பொம்பளை விவகாரமா? கயிற்றை அறுத்தானா? விடை முதல் பங்கின் முடிவில்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். முதல் பங்கோ தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. காலையில் அவர்கள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்; மத்தியானம் சுடலை வேறொரு கூட்டாளிக்குக் கயிறு பிடித்து, மனசு ஒட்டாமல் வேலையை விட்டுவிடுவான்; சாயங்காலம் அந்தக் கிழவன் தெரு முனையில் நிற்பான். மற்றவர்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பையப் பையக் கடக்கிற தூரத்தை அண்ணாச்சி ஒரு நாளைக்குள் பார்த்துவிடுவார்.

ஒருநாள் டீச்சர் மேசையைத் துடைக்கும்போது புத்தகத்தில் மூன்று அடையாளம் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது, மூணு பேரு படிக்கீங்களா?"

அண்ணாச்சி விளக்கினார். டீச்சர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்தார்.

"கதையை அப்படிப் படிக்கப்படாதுங்க. மொதல்ல இருந்து வரிசையாப் படிக்கணும்."

"வேதத்தையே இப்படித்தான் படிக்கேன். இதுக்கு என்ன, அதைவிட ஒசத்தியா?"

"அப்ப சண்டை எதுக்குன்னு இன்னும் தெரியாதா உங்களுக்கு? ரெண்டு பக்கம் தள்ளித் திருப்பிப் பாத்தா ஆச்சு."

"நாளைக்கு உள்ள பங்கை இன்னைக்குத் தொடக் கூடாது, டீச்சரம்மா. வானத்துலேருந்து தினம் விழுந்த மன்னாவை மறுநாளைக்குன்னு எடுத்து வெச்சவங்க கதை தெரியுமில்லா? புழுத்துப் போச்சு."

டீச்சர் மூன்று அடையாளமும் கலையாமல் புத்தகத்தை மேசையில் திரும்ப வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் புருஷன் ஒரு கதையைப் பற்றிப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

மாதம் முடியப் போகிற நேரத்தில், ஒரு வியாழக்கிழமை, டீயைக் கொண்டுவந்த ஐயம்பெருமாள் போகாமல் நின்றார்.

"அண்ணாச்சி, சங்கதி தெரியுமா? காஜா அண்ணாச்சி பட்டறையை மூடியாச்சு. மவன் மெட்ராசுல வீடு எடுத்திருக்கானாம், கூட்டிட்டுப் போக வந்திருக்கான். ஞாயித்துக்கிழமை காலை ரயிலுக்குக் குடும்பத்தோட கெளம்புதாரு."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளா? ஒரேயடியாத்தான்."

அண்ணாச்சி டீயைக் குடித்தார். சூடா, சர்க்கரை இருந்ததா, ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாதது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மூன்று வருஷமாகப் பேசாவிட்டாலும் காலையில் காஜா ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் இவர் மிஷினை ஓட விடுவார். அது ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். இனிமேல் அதுவும் கிடையாது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. குக்கரைத் திருப்பி அனுப்பினவர் அவர்; வர வேண்டியதும் அவர்தான் என்று மனசு பழைய பாட்டையே பாடியது.

வெள்ளிக்கிழமையும் போயிற்று. சனிக்கிழமை பட்டறை அரை நாள்தான். காலையில் எழுந்து வேதத்தைப் படித்துவிட்டு, குருத்தோலை வைத்த இடத்தைத் திறந்தார். முதல் பங்கின் கடைசிப் பக்கங்கள். இன்றைக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

கொம்பையா வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். சுடலையைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். சுடலை பசியோடுதான் வந்தான். வாசலில் நின்று பார்த்தான். சட்டியில் குழம்பு கொஞ்சம்தான் இருந்தது; கொம்பையாவின் பிள்ளைகள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. "எனக்குப் பசிக்கலே" என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுடலை போய்விட்டான். அவனுக்காகக் கோழி அடித்த கொம்பையாவின் மனைவிக்கு முகம் செத்துப்போனது. தன் வீட்டுச் சோறு அவனுக்கு இறங்காதோ என்று கொம்பையா நினைத்தான். மறுநாள் கொம்பையா கிணற்றுக்கு வரவில்லை. அவன் ஏன் வரவில்லை என்று சுடலை போய்க் கேட்கவில்லை.

அவ்வளவுதான். அதோடு முதல் பங்கு முடிந்துவிட்டது.

அண்ணாச்சி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது நடுப் பங்கு, முதல் நாளே படித்தது. பக்கம் எதுவும் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எண்கள் சரியாகத்தான் இருந்தன.

"இம்புட்டுதானா?" என்றார்.

அடுப்படியிலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுக்குத்தானா ரெண்டு பயலுவளும் கெழவனாவுத வரைக்கும் பேசாமக் கெடந்தானுவ? பசிக்கலன்னு ஒரு வார்த்தை! சட்டியில கொஞ்சமா இருந்துது, புள்ளைகளுக்கு வேணும்னு நெனச்சேன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்னடா, கொள்ளையா போயிரும்? படுபாவிப் பய, அவன் நல்லது நெனச்சுத்தானே..."

அங்கே பேச்சு நின்றுவிட்டது. டீச்சர் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணாச்சியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு மாதமாக அவர் கொலையையும் துரோகத்தையும் எதிர்பார்த்துக் காத்திருந்தார். அந்த இடத்தில் இருந்தது ஒரு சட்டிக் குழம்பு. அவருடையதோ ஒரு தட்டுப் பிரியாணி. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை மூடிக் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

"மத்தியானப் பங்கும் சாயங்காலப் பங்கும் மிச்சம் இருக்கே. நாளைக்குப் பேசணுமில்லா?" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி செருப்பைப் போட்டார். டீச்சர் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

காஜாவின் வீட்டு முன்னறை முழுக்க அட்டைப் பெட்டிகள். அவருடைய மனைவி மைதீன் பாத்திமா கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் திகைத்து, "வாங்க அண்ணாச்சி" என்றார். உள்ளே காஜா தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் கயிற்றைக் கட்டினார்.

"என்ன வெசயம்?"

அண்ணாச்சி வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றுகூட நாக்கில் இல்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"ஒரு கதை படிச்சேன்வே."

காஜா தலையைத் தூக்கினார். "நீரா?"

"ஆமா. கேளும்." அண்ணாச்சி தான் படித்த வரிசையிலேயே சொல்ல ஆரம்பித்தார். சோற்றைப் பிட்டுத் தின்கிற வாலிபர்கள், சந்தையில் ஒதுங்கிப் போகிறவர்கள், தெரு முனையில் நிற்கிற கிழவன், மறுபடியும் வாலிபர்கள். காஜா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கீழே போட்டார்.

"என்னவே கதை சொல்லுதீரு? கெழவனா நிக்கான்ங்கீரு, அடுத்தாப்புல பயலா ஓடுதான்ங்கீரு. ரெண்டு பேருக்கும் சண்டை எதுக்கு? அதைச் சொல்லும்."

"கொம்பையா வீட்டுல கோழி அடிச்சுச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கான். சுடலை வாசல் வரைக்கும் வந்து, பசிக்கலன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"பசி இல்லாமலா போனான்?"

"பசி இருந்துது. சட்டியில கொஞ்சம்தான் கெடந்துது. நாம தின்னுட்டா அவன் புள்ளைகளுக்கு இல்லாமப் போயிருமேன்னு..."

"கூறுகெட்ட பய. அதை அவன்ட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அதைச் சொல்லத்தான்வே வந்திருக்கேன்" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கு லெந்து நாளு. நான் கவிச்சி தொட மாட்டேன். உம்ம சனங்களுக்கு முன்னால உக்காந்து வேண்டாம்னு சொன்னா உமக்கு அசிங்கமாப் போயிருமேன்னுதான் வரல. வேற ஒண்ணும் இல்லவே. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

காஜா கயிற்றைக் காலால் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாத்திமா உள்வாசலில் வந்து நின்றார்.

"லெந்துன்னு எனக்குத் தெரியாதாவே?" என்றார் காஜா. "வருசா வருசம் மாசி பங்குனியில நீரு தயிர்ச்சோத்தைத் தின்னுக்கிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கதைப் பாத்துக்கிட்டுத்தானே கெடந்தேன். சைவச் சமையல்காரரைக் கூப்பிட்டேன். ஒத்தை ஆளுக்கு ஆக்க வர மாட்டேன்னாரு. பத்து ஆளுக்குன்னு சொல்லி, சாம்பாரு, அவியலு, பாயாசம் எல்லாம் வெக்கச் சொன்னேன். பந்தியில இல்ல, நம்ம உள் ரூமுல உமக்கு எலையைப் போட்டுட்டு, சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொல்லுத வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீரு வரல. குக்கரு வந்துது."

அண்ணாச்சி அழுதுவிட்டார். அறுபதை நெருங்குகிற ஆள், அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து, மூக்கைத் துண்டால் துடைத்துத் துடைத்து அழுதார். காஜா அவரை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்.

"சொல்லியிருக்கலாமேவே" என்றார் அண்ணாச்சி.

"நீரு கேட்டீரா?"

பாத்திமாவுக்கு இரண்டு கிழவர்களையும் பார்க்கப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் எந்திரிச்சுக் கையைக் கழுவுங்க. பாத்திரம் எல்லாம் கட்டியாச்சு, ஒரே தட்டுதான் இருக்கு. அதுல தின்னுங்க" என்றார். கறிக்குழம்பும் சோறும். ஆகஸ்டு மாதத்தில் அண்ணாச்சிக்கு எந்த விரதமும் இல்லை. இரண்டு பேரும் அந்தத் தட்டிலேயே பிசைந்து சாப்பிட்டார்கள். மூன்று வருஷத்துக்கான ஊர்வம்பையும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பேசித் தீர்த்துவிடப் பார்த்தார்கள், தீரவில்லை.

கை கழுவி வந்ததும் காஜா கேட்டார்: "அந்தக் கெழவன் கடைசில அவன் வீட்டுக்குள்ள போனானா, இல்லியா?"

"தெரியல. அதை இன்னும் படிக்கல."

"முடிவைத் தெரிஞ்சுக்கிடாம எதுக்குவே ஓடி வந்தீரு?"

"புத்தகம் எங்க போகப் போகுது? நீருதான் நாளைக்குப் போறீரு."

காஜா அவரையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "கொடும் அதை இங்கன. ரயில்ல எனக்குப் பொழுது போகணும்."

"நூலகத்துப் புத்தகம்வே!"

"நான் என்ன தின்னுரவா போறேன்?" என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு விடிகாலையில் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் பெட்டிகளை ஏற்றியது ஜாஸ்பர் அண்ணாச்சியும் ஐயம்பெருமாளும்தான். ரயில் கிளம்பும்போது காஜா ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினார், அண்ணாச்சி இந்தப் பக்கமிருந்து தூக்கினார். மூன்று நாளைக்கு முன்னால் போய்ப் பேசியிருந்தால்கூட, போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தத்தோடுதான் அவர் ஆலயத்துக்கு வந்தார்.

ஆராதனை முடிந்து கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஆகஸ்டு மாதப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார்கள். அண்ணாச்சி முறை வந்தது. எழுந்து நின்றார்.

"நான் முடிக்கல" என்றார்.

கூடத்தில் ஒரு சலசலப்பு. ஐயருக்குக்கூடக் கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது. "பரவாயில்ல. படிச்ச வரைக்கும் சொல்லுங்க. புத்தகம் கொண்டுவந்திருக்கீங்களா?"

"புத்தகம் மெட்ராசுக்குப் போயிக்கிட்டு இருக்கு, ஐயா."

எல்லாரும் சிரித்தார்கள். நட்சத்திரத் தாளைக் கையில் வைத்திருந்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணாச்சியின் சட்டைப் பையில் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் நேரே வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

"வே, முடிச்சிட்டேன்" என்றார் காஜா. பின்னால் ரயில் சத்தம். "மொதல்ல இருந்து ஒழுங்காப் படிச்சேன், உம்மை மாதிரி இல்ல. அந்தக் கெழவன் இருக்காம் பாரும், கடைசில அவன்..."

"சொல்லாதியும்!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் கூடத்துக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன்வே? உமக்குத்தான் முடிவை மொதல்லயே படிக்கப் பிடிக்குமே?"

"இதைச் சொல்லாதியும். போன்ல சொல்லவே சொல்லாதியும். அது நூலகத்துப் புத்தகம், அடுத்த மாசம் திருப்பிக் கொடுக்கணும். நீரே கையில எடுத்துக்கிட்டு வாரும். வந்து, எம் முன்னால உக்காந்து சொல்லும்."

"தபால்ல போட்டா வந்து சேராதா?"

"சேராது."

காஜா தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ பேசுவது தூரமாகக் கேட்டது: "ஏலே யஹ்யா, அடுத்த மாசம் எனக்கும் உங்க உம்மாவுக்கும் ஊருக்கு டிக்கெட் போடு. ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கணும்."

அண்ணாச்சி போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தன் பெயருக்கு நேரே ஆகஸ்டுக் கட்டம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேரே டீச்சரிடம் போய், "காஜா வாறாரு. என்ன சமைக்கலாம்?" என்று கேட்டார்.